உம்முடைய பெஞ்சில் இருந்து எழுதுகிறேன்

என்ன வே, கோயில்குட்டியாரே,

உம் சம்சாரம் கொடுத்த சின்ன எவர்சில்வர் டம்ளர் என் மடியில் இருக்கிறது. அதில் பாதிதான் நமக்கு ஒரு நேரத்துக்கு அனுமதித்த தண்ணீர். டயாலிசிஸ் அறைக்கு வெளியே, நீர் உட்காரும் அதே பெஞ்சு. காலை ஏழு மணிக்கு வந்தவன் மத்தியானம் ஆகியும் உள்ளே போகவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது, பிழை இருந்தால் அங்கே இருந்தே திருத்திக்கொள்ளும்.

நான் வந்த முதல் நாள் உமக்கு நினைவிருக்கும். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய கை. இனி அதில் பாரம் கூடாது, வாரம் இரண்டு தரம் ஊசி மட்டும்தான் என்றிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்து நீர் கேட்டீர்.

“எந்த ஊரு வே?”

“தச்சநல்லூரு. நீரு?”

“களக்காட்டுப் பக்கம். சர்ச்சுல கோயில்குட்டி வேல. மணி அடிக்கது, பாய் விரிக்கது எல்லாம் நாந்தான். இப்ப கயிறு இழுக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

“கர்த்தரு உமக்கு நல்லாத்தான் கைமாறு செஞ்சிருக்காரு.”

கோபத்தில்தான் சொன்னேன். நீர் குலுங்கிச் சிரித்ததில் குழாய் மடங்கி மெஷின் கத்த, சிஸ்டர் இரண்டு பேரையும் திட்டினார்.

புதிதாக யார் வந்து அழுதாலும் ஊரைக் கேட்பீர், பிள்ளைகளைக் கேட்பீர், பேரைக் கேட்பீர். பிறகு அந்தப் பேரைச் சொல்லி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஜெபம். முத்தாரம்மனுக்கு விரதம் இருக்கிற அக்காகூட, “எனக்கும் ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி” என்பாள்.

“மணி போனாலும் ஆள் கூட்டுத வேலை போகல்லியோ?” என்று நான் சீண்டினேன்.

“அங்க மணி அடிச்சாத்தான் வருவாங்க. இங்க அடிக்காமலே வாரம் ரெண்டு தரம் வந்துருதாங்க வே” என்றீர்.

நானோ வருஷத்துக்கு ஒரு நாள், ஊர் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு மட்டும் கோயிலுக்குப் போகிறவன். அந்த வருஷம் ஆட்டுக்கறிக் குழம்பை மூன்று தரம் வாங்கினேன். உப்புக் கறி. தாகத்துக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர். மறுநாள் காலை மூச்சு முட்டித் தூக்கி வந்தார்கள். என் முறை அன்றைக்கு இல்லை, கட்டில் எல்லாம் நிரம்பியிருந்தது. நீர் உம் முறையை எனக்கு விட்டுவிட்டு, சாயங்காலம் வரை இந்தப் பெஞ்சில் கிடந்தீர்.

“ஏன் வே இப்படிச் செஞ்சீரு?”

“இந்த நோவ எதுக்குத் தந்தீருன்னு ஒரு வருஷமா அவருகிட்ட சண்டை போடுதேன். இன்னும் பதில் இல்ல. ஆனா இன்னைக்குக் காலையில என்ன செய்யணும்னு தெரிஞ்சிது. அது போதும்.”

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தீர். போன பங்குனியில் நெஞ்சு நின்றுவிட்டது. உம் அடக்கத்தன்று வேறு ஒருவர் மணி அடித்தார், தாளமே இல்லை. அதைக் கேட்டும் நீர் பெட்டிக்குள் சும்மா கிடந்தபோதுதான், நீர் போய்விட்டதை நம்பினேன்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். இன்று காலை சேரன்மகாதேவிப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவரை அவர் சம்சாரம் தாங்கிக் கூட்டிவந்தாள். அன்றைக்கு நான் வாங்கிய அதே மூச்சு. கட்டில் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் பார்க்காதவன் போலச் சுவரைப் பார்த்தேன். என் காலும் வீங்கித்தான் இருந்தது. ‘ஆண்டவரே, வேற ஆளே கிடைக்கலியா?’ என்றும் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. என் முறையை அவருக்கு விடச் சொன்னேன். சிஸ்டர் என் எடையைப் பார்த்து, “சாயங்காலம் வரைக்கும் தாங்கும்” என்றார்.

அந்தப் பெண் அழுதுகொண்டே கும்பிட்டாள். நான் கேட்டேன்.

“நேத்து எந்தக் கல்யாண வீட்டுல சாப்பிட்டாரு? கறியா, மீனா?”

“கறிதான் அண்ணாச்சி” என்று அழுகையோடு சிரித்துவிட்டாள்.

நாக்கு வறளுகிறது. டம்ளரில் ஒரு வாய் பாக்கி வைத்திருக்கிறேன், நாலு மணிக்கு. உள்ளே அவர் குறட்டை விடுவது இங்கே கேட்கிறது. உம்மைப் போல அவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். பேரைக் கேட்க மறந்திருக்கிறேன் வே. அவர் எழுந்ததும் முதலில் அதைக் கேட்க வேண்டும்.