ரொட்டி வண்டிக்குப் புது டேஷ்போர்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருந்தால் அதை ஒரு வரி எழுதுவதில் விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது. உன் மாமா எனக்கு முந்திக்கொண்டு போன் செய்து கதையைத் தன் பக்கம் சாய்த்துச் சொல்லிவிடுவான் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நம் பிக்கப் வண்டியின் டேஷ்போர்டு வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது, வேகம் காட்டும் முள் போன மழைக்காலத்திலேயே படுத்துவிட்டது. திங்கட்கிழமை வண்டிக்குத் தகுதிச் சோதனை. அதில் தேறாவிட்டால் ரொட்டி ஏற்றும் வேலையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார், சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் செய்துவிடுவார்கள். எனக்கு ஆறு வருடம் இளையவனைத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள் என்று இயற்பியல் வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்தவன் நான், இந்த ரொட்டியும் போனால் எனக்கு என்ன மிச்சம். பழைய மாடலுக்கு டேஷ்போர்டு எங்கும் கிடைக்கவில்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைக்காரர் பத்து வருடம் பிந்திய மாடலுடையதைத் தூக்கிவந்து, அப்படியே போய் உட்காரும் சார் என்றார். நானும் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்துதான் வாங்கினேன். ஆழத்தை அளக்கவில்லை. வீட்டில் வைத்துப் பார்த்தால் ஆறு போல்ட்டில் இரண்டுக்குத்தான் துளை நேராக வருகிறது, ஸ்டியரிங் தண்டு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது, ஏசியே இல்லாத வண்டியில் ஏசிக்கு மூன்று திருகு குமிழ். உன் அம்மா நடுக் குமிழைத் திருப்பிவிட்டு, இப்போது வெக்கை கொஞ்சம் பரவாயில்லை என்கிறாள்.

அறுத்தும் ராவியும் இரும்புப் பட்டை கொடுத்தும் இரண்டு நாளில் உட்காரவைத்துவிட்டேன், வயரிங்தான் என் மானத்தை வாங்கியது. பழைய முள் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளில் ஓடுவது, புதியது சென்சாரிலிருந்து வரும் மின்சாரத்தில் ஓடுவது, அந்த இரண்டையும் சேர்த்து வைக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் இங்கே ஒருவன்தான், அவன் உன் மாமா. அவனோடு நான் பேசி ஐந்து வருடம் நான்கு மாதம் ஆகிறது. உன் கல்யாணத்தன்று மண்டப வாசலில் வண்டி நின்றுபோனபோது, "அத்தான் வண்டியைத் தள்ளத்தான் சம்பந்தி வீட்டுல இத்தனை பேர் வந்திருக்காங்களா?" என்று அத்தனை பேர் காதிலும் விழக் கேட்டவன். மறக்கிற பேச்சா அது. உன் அம்மா என்னைக் கேட்காமலே அவனுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் வந்தான். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு காலை வெளியே நீட்டிப் படுத்துவிட்டான், நான் முன்னால் பானட்டைத் திறந்துவைத்து பேட்டரி அருகில் நின்றேன். எங்களுக்கு நடுவில் நாலு அடி இருக்கும். ஆனாலும் அக்கா, பேட்டரி வயரை மாட்டச் சொல்லு என்று அவன் அவளிடம் சொல்வான், அவள் என்னிடம் சொல்வாள், மாட்டியாயிற்று என்று சொல்லு என்பேன் நான். பத்துத் தடவை ஆனதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க ரெண்டு பேரும் ஹாரன் அடிச்சுப் பேசிக்குங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு ஹாரன் என்றால் வயரை மாட்டுவது, இரண்டு என்றால் கழற்றுவது என்று ஒரு தாளில் எழுதி அவன் காலருகே வைத்தேன். கால் ஆடியது, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு ஹாரன் வந்தது. கழற்றினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடம் நின்றேன், பத்து நிமிடம் நின்றேன், படுத்த இடத்திலேயே தூங்கிவிட்டான், இவன் என்றைக்குத்தான் ஒரு வேலையை முடித்திருக்கிறான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். அவனோ உள்ளே கையை எட்டிப்போட்டு ஹாரனை அமுக்கியபடியே, அத்தான் வேண்டுமென்றே மாட்டாமல் பழிவாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அரைமணி நேரம் கழித்து உன் அம்மா வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேட்டரியைக் கழட்டிட்டா ஹாரன் எப்படிங்க அடிக்கும்?" என்றாள்.

இருபத்திரண்டு வருடம் மின்னோட்டப் பாடம் நடத்தியவன் நான். உள்ளேயிருந்து முதலில் ஒரு இருமல் கேட்டது, பிறகு கால் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. நான் சிரிக்கவில்லை, உன் அம்மா வேறு மாதிரி சொல்வாள். மாட்டட்டுமா என்று கேட்டேன். மாட்டுங்க அத்தான் என்றான். அவ்வளவுதான், இதைத்தான் நான் வலியப் போய்ப் பேசியதாக அவன் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

திங்கட்கிழமை சோதனைக்கு முள் கோளாறு செய்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று அவனும் கூட வந்தான். அதிகாரி வண்டியை ஓட்டிப் பார்த்தார், விளக்கையெல்லாம் போட்டுப் பார்த்தார், டேஷ்போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வண்டியின் வயதைத் தாளில் பார்த்தார். முள் இம்மி பிசகாமல் காட்டியது. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வேலையை யார் செய்தது என்று கேட்டார். அறுத்ததும் ராவியதும் நான், நகம் இரண்டு போனதும் எனக்கு. உன் மாமா பக்கத்தில் நின்று செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் மச்சினன் சார், இதுல அவனை மிஞ்ச ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் முத்திரை குத்தினார். இவன் வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். உன் கடைவாய்ப் பல்லை இந்த மாதமே டாக்டரிடம் காட்டிவிடு, அடுத்த மாதம் என்று இழுக்காதே.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா