கிண்ணக்காரி

1967 மார்ச் 4, சனி
இஸ்த்லான் மேட்டில் என் வீட்டுக்காரர் நிகானோர் புதையல் தேடிக் கம்பியைக் குத்திய இடத்தில் மண் பொலபொலவென்று உள்ளே போனதாம். கீழே பழங்காலத்துக் கல்லறை, மூன்று ஆள் ஆழம். வழக்கம்போல் உள்ளே இருப்பவர்களுக்கென்று ஒரு வாய் சாராயத்தைக் குழிக்குள் ஊற்றிவிட்டுத்தான் இறங்கினார். கிடைத்தது ஒரு ஜோடி மண்பொம்மை: புருஷன் கையில் கிலுகிலுப்பை, பெண்டாட்டி கையில் கிண்ணம். செத்தவர்களுக்குத் துணையாக வைத்தவை.

"பாருடி தொமாசா, உன்னை மாதிரியே முறைக்கிறா," என்றார்.

மார்ச் 6
வியாபாரி வருமுன் பளிச்சென்று இருக்கட்டுமே என்று கிண்ணக்காரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மேலே படிந்திருந்த கரும்புள்ளியெல்லாம் போயிற்று. புருஷனைத் தேய்ப்பதற்குள் அடுப்பில் பீன்ஸ் தீய்ந்துவிட்டது.

மார்ச் 7
குவாதலஹாரா நகரத்து வியாபாரி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்தாத்தான் அந்தப் புள்ளி வரும். இது நேத்துச் சுட்டதும்மா."

புருஷனை மட்டும் எடுத்துப் போனார். அவளை அடுப்போரம் வைத்தேன். நிகானோர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 21
நிகானோருக்கு வந்த காய்ச்சல் இறங்கவில்லை. குழித் தூசு நுரையீரலில் தங்கிவிட்டது என்கிறார் டாக்டர். மருந்து? கையை விரிக்கிறார்.

மார்ச் 24
"சேத்து வச்சவங்களைப் பிரிச்சிட்டோம்டி. அவனைக் கொண்டாந்தா ரெண்டு பேரையும் அந்தக் குழிக்குள்ளயே வச்சிரலாம்," என்றார்.

பிரித்தது நான்தானே?

மார்ச் 28
பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு குவாதலஹாரா போய் வந்தேன்.

"அவனை டாலருக்கு வித்தாச்சு, எல்லை தாண்டி ஒரு வாரமாச்சு," என்று சிரிக்கிறான் அந்த வியாபாரி. "உங்க ஊர் ஆம்பளைங்களும் பொழைக்க அங்கதான போறாங்க?"

நான் என்னதான் செய்வேன். பாழாய்ப்போன சோப்பு.

மார்ச் 29
"வர்றானாம்," என்று அவரிடம் பொய் சொன்னேன்.

"பத்திரமாத் தூக்கிட்டு வரச் சொல்லு. கிலுகிலுப்பைக் கை உடைஞ்சிரும்."

ஏப்ரல் 2
மூச்சு இழுக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 4
சவப்பெட்டியை மூடுமுன் கிண்ணக்காரியைக் கொண்டுவந்தேன்.

"பாதிரியாரு பாத்தா என்ன சொல்வாரு, மதினி?" என்றான் கொழுந்தன் எலியாஸ்.

"பாக்கட்டும்."

அவருக்கு இடப்பக்கம், நான் படுக்கும் பக்கத்தில் அவளை வைத்தேன். கிண்ணத்தில் ஒரு வாய் சாராயம் ஊற்றினேன். அவளுக்கும் ஆள் இல்லை, அவருக்கும் துணை வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எங்கே போவது? கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அவள் கன்னத்தில் அடுப்புக்கரி புள்ளியாக ஒட்டியிருந்தது. துடைக்கக் கை போயிற்று. துடைக்கவில்லை.