கிடுகுக்குப் பின்னால் பதினொரு நாள்

ஷாஃப்ஹவுசன்
12.09.1994

பெருமதிப்பிற்குரிய அண்ணை அவர்களுக்கு,

வணக்கம். இக்கடிதம் மூன்று வாரம் பிந்தி வருவதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். என் மூத்த மகள் லக்சாயினி சென்ற மாதம் பெரியபிள்ளையானாள். தாய்மாமனாகிய தங்களுக்கே முதலில் அறிவித்திருக்க வேண்டும். அவளை நான் மறைவில் இருத்தவில்லை; மூன்றாம் நாளே பாடசாலைக்கு அனுப்பினேன். சடங்கும் செய்வதாக இல்லை. அம்மாவுக்குப் பக்குவமாக வாசித்துக் காட்டவும்.

தங்கள் பணிவுள்ள தங்கை
பரமேஸ்வரி

முத்தையன்கட்டு
02.12.1994

அன்புத் தங்கச்சி,

உன்ரை கடிதம் கச்சேரியிலிருந்து வந்த அரசாங்கக் கடிதமாக்கும் எண்டு பயந்துபோனன். மருமகள் பெரியபிள்ளையானது சந்தோசம். ஆனால் அம்மா இரண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை. அறுபத்தொன்பதிலை நாங்கள் இந்தக் காட்டை வெட்டிக் குடியேறேக்கை வீட்டுக்குக் கூரைகூட இல்லை. அப்பவும் உனக்குத் தனிக் கொட்டில் கட்டிப் பதினொரு நாள் இருத்தினவ. அந்தப் பதினொரு நாளுக்குள்ளை எங்கடை சின்னத் தங்கச்சி யோகத்தைக் காடு கொண்டுபோச்சு. அந்தத் துக்கத்திலையும் உனக்குச் சடங்குத் தண்ணி வார்த்தவ. "சுவிசிலை அவளுக்கு என்ன கஷ்டம்?" எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?

அண்ணை
பத்மநாதன்

ஷாஃப்ஹவுசன்
20.02.1995

பெருமதிப்பிற்குரிய அண்ணை அவர்களுக்கு,

அம்மாவின் கேள்விக்குரிய பதில் இருபத்தைந்து வருடங்கள் பிந்திவிட்டது.

நான் கொட்டிலில் இருந்த ஆறாம் நாள் முற்பகல் அம்மா ஆற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தா. யோகாம்பாள் கொட்டிலருகே வந்து, ஐயாவிடம் போகிறேன் என்றாள். ஐயாவும் தாங்களும் வலப்பக்கம் மரம் தறித்துக்கொண்டிருந்தீர்கள். அவளோ இடப்பக்கம், யானைத்தடத்தில் இறங்கினாள். கொட்டிலை மறைத்த கிடுகு ஓலையின் நீக்கலால் பார்த்தேன். அங்கால் போகாதேயென்று மெல்லச் சொன்னேன். அவள் திரும்பிச் சிரித்தாள்.

"நீ கதைக்கக் கூடாது. அம்மாட்டைச் சொல்லிக் குடுப்பன்."

தண்ணீர் வார்க்கும்வரை என் குரல் ஆண்களின் காதில் விழலாகாது என்பது அம்மாவின் கட்டளை. தங்கள் கோடரிச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் கூப்பிட்டிருந்தால் தங்களுக்கும் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. அம்மாவின் பின்னே போயிருப்பாளென்று எல்லோரும் ஆற்றுப்பக்கமே தேடினீர்கள். அப்போதும் வாய் திறக்கவில்லை. முதலிலே கட்டளை, பிறகு பயம்.

இங்கும் வீட்டின் பின்னால் காடுதான். சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை நட்டு, எவ்வூருக்கு எத்தனை நிமிடமென்று எழுதியிருக்கிறார்கள். ஆயினும் லக்சாயினி காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. அவளைக் குரலடக்கி இருக்கச் சொல்ல என்னால் இயலாது. கஷ்டம் இதுவே.

இதில் ஒரு சொல்லும் மறைக்காமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவும். அவ இனி என்னை மகளென்று சொல்லாவிட்டால், அதையும் அப்படியே எழுதவும். விரைவில் பதில் போடவும்.

தங்கை
பரமேஸ்வரி