முன்வரிசைத் தொடைகளும் பூகி-வூகியும்

1994 ஜூலை 9, சனி

காலையில் பனி; இங்கே ஜூலைதான் குளிர்காலம். கார்க் கண்ணாடி சுரண்டியே விரல் விறைத்துவிட்டது. வென்ட்வேர்த்வில் தமிழ்க்கடைச் சாமான்: கருவாடு, இடியப்ப மா, வெறும் வீடியோ கசற் இரண்டு.

மத்தியானம் டிவியில் பழைய ஹொலிவூட் கறுப்பு வெள்ளைப் படம். பதிவு செய்தேன். கதை நினைவில்லை. மதுக்கடையில் ஒருவர் பியானோவில் பூகி-வூகி என்ற துள்ளாட்ட இசை வாசிக்கிறார். இடது கை நிற்காமல் உருட்டுகிறது, வலது கை குறும்பு செய்கிறது. ஐயோ, என்ன சந்தோஷம்! கன்னியாஸ்திரிகளிடம் பியானோவில் தேவகீதம் மட்டுமே படித்த கை எனக்கு. இந்த முறை தமிழ்ச் சங்கக் கலைவிழாவில் இதுதான். ஐம்பத்திரண்டு வயதில் வாசிக்காமல் வேறு எப்போது?

ஜூலை 12, செவ்வாய்

நான் வாசிக்கப்போவதைக் கேள்விப்பட்ட சங்கச் செயலாளர் சிவநாதனின் போன்.

"அன்ரி, ஒரு பக்திப் பாட்டு வாசியுங்கோவன். உந்தக் குடிகாரக் கடைப் பாட்டுக்குச் சனம் எழும்பித் தேத்தண்ணிக்குப் போயிடும்."

"போனால் போகட்டும். நான் வாசிப்பன்."

"சரி. எழும்பிச்சினமெண்டா இனி எங்கட மேடையில பியானோவே இல்லை, சொல்லிப்போட்டன்."

கோபத்தில் கத்தரிக்காய் கருகியது. பார்ப்போமே.

ஜூலை 16, சனி

ஒரு கிழமை வீண்! வீடியோ டெக்கில் படத்தை நிறுத்தி நிறுத்தி அந்த ஆளின் விரல்களைப் பார்த்துப் பழகினேன். எதுவும் பொருந்தவில்லை. என் மனுசன் ராஜன் வந்து கதிரையில் இருந்து பார்த்தார்.

"அவன் நடிகனெல்லே. கை ஒரு பக்கம் போகுது, சத்தம் வேறை பக்கம் வருகுது. நீர் ஏன் அவன்ர கையைப் பார்க்கிறீர்?"

உண்மைதான். விரல் கீழே போகும்போது சுரம் மேலே! இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இனிக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும்.

ஜூலை 23, சனி

இடது கை வந்துவிட்டது!! புதுத் தொல்லை என் மனுசன். சபாக் கச்சேரிக்குத் தாளம் போட்டுப் பழகிய தொடை. நாலடித் தாளத்தில் முதலாம், மூன்றாம் அடியில்தான் தட்டுவார். படத்தில் கூட்டம் தட்டுவது இரண்டிலும் நாலிலும். அதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஒன்றில் தட்டினால் பள்ளிக்கூட அணிநடை.

"இஞ்சாருங்கோ, தட்டாதேங்கோ!"

"கை தன்பாட்டில போகுது. நான் என்ன செய்ய?"

மண்டபம் நிறைய இவரைப் போன்ற தொடைகள்.

ஜூலை 31, ஞாயிறு

மழை. கலைவிழாவுக்கு நீலக் காஞ்சிபுரம், முந்தானை இடுப்பில் செருகி.

ஒருவரும் எழும்பவில்லை. அதைவிட மோசம், எல்லோரும் கை தட்டத் தொடங்கினார்கள். ஒன்றில், மூன்றில். பாட்டு நொண்டியது. முன்வரிசையில் ஒரு கொட்டாவி. சிவநாதன் வாசலில் தேத்தண்ணித் தட்டோடு தயார்.

நில்லுங்கோ எல்லாரும் என்று மனதுக்குள் சொல்லி, இடது கையால் ஓர் அடியைக் கூடுதலாகப் போட்டேன். ஒரே ஓர் அடி; பாட்டு அவ்வளவுக்குத் தள்ளிப்போனது. தட்டிக்கொண்டிருந்த கைகள் நிற்கவில்லை, ஆனால் இப்போது விழுந்தது இரண்டில், நாலில்! ஒருவருக்கும் தெரியாது. அன்ரிமாரின் தோள் ஆடியது. தேத்தண்ணித் தட்டு ஆடியது. மண்டபமே அந்தப் படத்து மதுக்கடை. வென்றேன், வென்றேன்!

"அன்ரி, இன்னொருக்கா!" சிவநாதன்தான்.

காரில் ராஜன்: "நடுவில ஒரு அடியைக் கூட்டிப்போட்டீர். தாளம் தப்பு."

"ஓம்."

வீடு வரும்வரை ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டில், நாலில்.