ஓரம் தேய்க்காத காசு

என் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வலிக்கிறது, கடைத்தெருவைப் பார்த்தால் வலிப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் இதைவிடச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரனுக்கு இருமல் நின்றுவிட்டதாக அம்மா சொன்னாள், இருந்தாலும் காலையில் வெறுங்காலோடு தரையில் நடக்க விடாதே. போனில் பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ முக்கால்வாசி நேரம் அம்மாவோடு பேசிவிட்டு, அப்பா சாப்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டு முடித்துவிடுகிறாய். நான் சொல்ல நினைப்பது அதற்குள் அடங்காது. அதோடு இந்த உறையில் சின்னதாகச் சாமான் வைத்திருக்கிறேன், அது என்ன ஏது என்று எழுதியாக வேண்டும்.

புது வீட்டுப் படங்கள் அனுப்பியிருந்தாய். சமையலறை விசாலமாக இருக்கிறது, ஜன்னலுக்குக் கம்பி இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம் இருந்ததே, அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'தண்டவாளத்துல நசுக்கின காசு, இன்னும் வச்சிருக்கா பாருங்க' என்றாள். அதன் கீழே உன் கையெழுத்தில் 'மாமா தந்தது' என்று இருந்ததையும் வாசித்துக் காட்டினாள். அன்று சாயங்காலமே செல்போனைத் தூக்கிக்கொண்டு தன் தம்பியின் சைக்கிள் கடைக்குப் போய்விட்டாள். அவன் பஞ்சர் ஒட்ட வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினானாம். மறுவாரம் நீ அவனுக்கே போன் செய்து, பையன் தனக்கும் ஒன்று வேண்டுமென்று அடம்பிடிக்கிறான், செய்து அனுப்புங்கள் மாமா என்று கேட்டிருக்கிறாய். அப்பாவிடம் கேட்டால் திட்டுவார் என்றும் சொன்னாயாம். அதுவும் எனக்கு அம்மா வழியாகத்தான் வந்து சேர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைப்பானேன், பொறாமைதான். அறுபத்தாறு வயதில் மச்சினன் மேல் பொறாமைப்படுகிறவனை நீ பார்த்திருக்க மாட்டாய், இப்போது பார்த்துக்கொள்.

அந்தக் காசை நசுக்கியது யார் என்று நீயே சொல். நான் ஓட்டிய நாலு நாற்பது பாசஞ்சர். அவன் செய்ததெல்லாம் குனிந்து வைத்தது, குனிந்து எடுத்தது. அத்தனை டன் இரும்பை இழுத்துக்கொண்டு வந்தவன் நான், பேர் அவனுக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் பின்னால், லைன் வளைகிற இடத்தில், வேலி உடைந்த பக்கமாக இருவரும் வந்து நிற்பீர்கள். உன் மஞ்சள் கவுன் தூரத்திலிருந்தே தெரியும். கிட்டே வந்தால் அவன் உன் கையைப் பிடித்திருப்பது தெரியும். வளைவில் வேகத்தைக் குறைத்தாலும் உன்னைப் பார்க்க எனக்குக் கிடைத்தது மூன்று நொடி இருக்கும், அவனுக்கு முழுச் சாயங்காலம். நான் வீட்டுக்கு வரும்போது நீ தூங்கியிருப்பாய், நீ எழுந்து பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். முதல் பல் விழுந்ததை அவனிடம்தான் காட்டினாய். சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்ததும் அவன்தான், சரி, சைக்கிள் கடை வைத்திருக்கிறான், விட்டுவிடலாம். ரயில் என் பிழைப்பு சிட்டு, அதிலும் வந்து பங்கு கேட்டால் எப்படி? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா எனக்காக ஹாரன் அடிப்பார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாயே, அது உன்னைக் கூப்பிட்டது இல்லை. உன் மாமனைத் திட்டியது. குழந்தையைத் தண்டவாள ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறானே என்ற ஆத்திரத்தில் கையை எடுக்காமல் அடிப்பேன். நீ அதற்குத் துள்ளித் துள்ளிக் கையாட்டினாய். பிறகு ஒரு நாள் எனக்காகத்தானே அடிச்சீங்க என்று நீ கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் நீ வராத நாட்களிலும் அந்த வளைவில் அடித்தேன். துணை ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, 'இன்னிக்கு யாரும் இல்லையே சார்' என்பார்.

ஆகவே அவன் செய்து அனுப்புவதற்கு முன்னால் நானே செய்து அனுப்பிவிடுவது என்று கிளம்பினேன். மெயின் லைன் பக்கம் போகவில்லை, பயப்படாதே. சிமென்ட் கிடங்குக்குள் போகிற தனிப்பாதை ஒன்று இருக்கிறது, அங்கே எஞ்சின் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும், அங்கே தடம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் என்னோடு வேலை பார்த்தவர், அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். மூன்று காசு வைத்தேன். எஞ்சின் நெருங்கும்போதே தண்டவாளம் அதிர்ந்து மூன்றும் குதித்துக் கீழே விழுந்துவிட்டன. மறுநாளும் அதே கதை. முப்பத்திரண்டு வருடம் அதன் மேல் ஓடியவனுக்கு ஒரு காசை அதன் மேல் உட்காரவைக்கத் தெரியவில்லை. பாயிண்ட்ஸ்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'இதுக்கு ஏதோ சூட்சுமம் இருக்கும் சார், தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க' என்றார். தெரிந்தவன் எனக்கு ஒருத்தன்தான். மூன்று நாள் வீம்பாக இருந்துவிட்டு நாலாம் நாள் சைக்கிள் கடைக்குப் போனேன். அவன் கேலி செய்வான் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவன் ஒன்றுமே கேட்கவில்லை, அது இன்னும் எரிச்சல். பஞ்சர் பசை டியூபை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, 'வாங்க மச்சான், போலாம்' என்றான். அவ்வளவுதான் சூட்சுமம், ஒரு சொட்டுப் பசை.

அவன் ஒரு காசு வைத்தான், நான் ஒன்று வைத்தேன். நட்டநடுவில் வைக்கச் சொன்னான். சக்கரம் எங்கே ஓடும் என்று எனக்கே சொல்லித் தருகிறாயா என்று உள்பக்க விளிம்பில் கொண்டுபோய் ஒட்டினேன். எஞ்சின் போன பிறகு பார்த்தால் அவனுடையது வட்டம் கெடாமல் இலை மாதிரி மெலிந்திருந்தது. என்னுடையது பாதி நசுங்கி, மீதி பாதி வெளியே தொங்கி மடங்கி, அதில் எண்கூட அழியாமல் இருந்தது. எடுக்கக் குனிந்தபோது அவன் சாதாரணமாகச் சொன்னான், 'காசப் பொறுக்குறது அப்பவும் நான்தான் மச்சான், சிட்டு குனியவே மாட்டா. கடைசிப் பெட்டி மறையுற வரைக்கும் வண்டி போன பக்கமே பாத்துட்டு நிப்பா, கையப் புடிச்சு இழுத்துட்டு வரணும்' என்று. அதைக் கேட்டதும் என் பொறாமை அடங்கியிருக்கும் என்று நினைப்பாய். இல்லை, கூடியது. அது எனக்குச் சேர வேண்டியது இல்லையா? முப்பது வருடமாக அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். ஏன்டா சொல்லல என்று கேட்டேன். 'நீங்க எங்க கேட்டீங்க, என்னப் பாத்தா ஹாரன்தான அடிச்சீங்க' என்றான்.

கடைக்குத் திரும்பியதும் அவன் தன் காசின் ஓரத்தை உப்புத்தாளில் வைத்து வழவழவென்று தேய்த்து, பேரனுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தான். நான் செய்ததைக் கேள். அதை என் பழைய சீருடைப் பெட்டியில் துணிக்கு அடியில் போட்டுவிட்டு, என் கோணல் காசை மட்டும் உறையில் வைத்து ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் மேஜை மேல் கிடந்தது. அம்மா தூசி தட்டும்போது உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுதானே இருக்கிறது, தம்பி கொடுத்தது எங்கே என்றாள். திருதிருவென்று முழித்தேன். அவள் திட்டியிருந்தாலும் பரவாயில்லை, பேசாமல் போய்ப் புது உறை ஒன்றை எடுத்துவந்து முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உட்கார்ந்து யோசித்தேன். பேரனுக்கு யார் கொடுத்தால் என்ன, எதைக் கொடுத்தாலும் அரை நாள் விளையாடுவான். எனக்கு எரிந்தது பேரன் விஷயத்தில் இல்லை. அந்த வளைவில் எத்தனை காசு மேல் வண்டியை ஏற்றினேனோ, உனக்கென்று ஒன்றைக்கூட என் கையால் எடுத்துக் கொடுத்ததில்லை.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஜன்னலுக்குக் கம்பி போடச் சொல். பையனைத் தண்டவாளப் பக்கம் கூட்டிப் போகாதே, யார் கூப்பிட்டாலும் சரி. இந்த உறையில் இப்போது இரண்டு காசு இருக்கிறது. வட்டமாக வழவழப்பாக இருப்பது உன் மாமா செய்தது, அதைப் பையனிடம் கொடு, மாமா பெயரையே சொல். கோணலாக இருப்பதை அவன் கையில் கொடுத்துவிடாதே, ஓரம் தேய்க்கவில்லை, கிழித்துவிடும். அது உனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா