செவலை போட்ட வட்டம்

மார்ச் 4
செம்மறிகள் யாவும் புல்லை நாடிச் செல்ல, செவலை மட்டும் இன்றும் இடப்புறமாகவே வட்டமிட்டுக்கொண்டிருந்தாள். "செக்கு மாடா பொறந்திருக்க வேண்டியவ" என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்ற ஆண்டு இவ்வாறே சுற்றிய கிடா கறிக்கடையில் முடிந்தது. இவளோ சினை.

மார்ச் 6
கணவரின் தீர்ப்பு: "கறிக்கடைக்குக் குடுத்துடலாம். தலைய மட்டும் மாப்பிள்ளைக்குக் கேட்டு வாங்கிடறேன்."

மாப்பிள்ளை என்பது எங்கள் நாய். அந்த உபசாரம் எங்கள் மருமகனுக்கே கிட்டியதில்லை.

பள்ளி வாசலை மிதியாமல் செந்தமிழ் கற்றவள் நான். ஆயினும் வாயில் வந்தது, "அவ மேல கைய வச்சீங்க, அப்புறம் பாருங்க!" என்பதே.

மார்ச் 7
கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். என் மகள் வயதுடைய பெண். செவலையின் உச்சந்தலையைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"எலும்பு மெத்துனு இருக்கு பாருங்கம்மா. உள்ள நீர்க்கட்டி. நாடாப்புழுவோட இளம் பருவம்."

புழுவின் முட்டை நாயின் மலத்தில் வெளியேறிப் புல்லில் ஒட்டுமாம். மேயும் ஆட்டின் மூளையில் கட்டியாக வளருமாம்.

"நாய்க்கு எங்கிருந்து வருது?" என்றார் கணவர்.

"இப்படிச் சுத்துன ஆட்டுத் தலையப் பச்சையா தின்னா வரும்."

சென்ற ஆண்டு மாப்பிள்ளை தின்ற கிடாவின் தலை! கணவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வாலை ஆட்டிற்று.

மார்ச் 9
அறுவை முடிந்தது. தலையை நான் பிடித்துக்கொள்ள, மருத்துவர் மண்டையோட்டில் சிறு துளையிட்டுக் கட்டியை உருவினார். நீர் நிறைந்த மெல்லிய பை. உள்ளே நொய்யரிசி ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு புழுத்தலையாம்.

பிழைப்பாளா? "பொறுத்துதாம்மா பாக்கணும்."

எழுந்திருடி கண்ணு. எழுந்திரு.

மார்ச் 10
படுத்தே இருக்கிறாள்.

மார்ச் 11
இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள்!

புழு மாத்திரையைக் கணவர் வெந்த ஈரலுக்குள் ஒளித்து வைத்தார். மாப்பிள்ளை ஈரலை விழுங்கி, மாத்திரையைத் துப்பிற்று. "இந்த வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே பிடிவாதம்" என்று முணுமுணுத்தார். நான் அடுத்த ஈரலை நீட்டினேன். மூன்றாம் ஈரலில்தான் மாத்திரை உள்ளே சென்றது.

மார்ச் 16
செவலை எழுந்து நடந்தாள். வட்டமில்லை, வளைவில்லை, கயிறு பிடித்தாற்போல் நேராக நடந்தாள். நேராக என் கீரைப் பாத்திக்குள்.

"விரட்டட்டுமா?" என்றார் கணவர், நாயின் உணவை அடுப்பில் கிண்டியபடி.

"மேய்வதற்கு அவளுக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது" என்றேன்.

பாத்தியின் கடைசிச் செடி வரை அவள் நேராகவே சென்றாள்.