பழைய அளவில் வெட்டிய மாலுமிச் சட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால்தான் அவ்வப்போது இல்லை என்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

லீவுக்கு வருகிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து வீட்டைக் கப்பலாக்கிக்கொண்டிருந்தேன். யோசனை உன் அம்மாவுடையது. படுக்கையில் விழுந்த பிறகும், பேரப்பிள்ளைகளுக்குப் பத்து நாள் கப்பல் முகாம் நடத்தணும் என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். முதல் நாள் வரைபடம், இரண்டாம் நாள் கயிற்று முடிச்சு, மூன்றாம் நாள் புதையல். நான்காம் நாள் என்று மட்டும் எழுதியிருக்கிறாள், அதற்குமேல் அவளுக்குக் கை ஓடவில்லை. மீதியை நானே யோசித்தேன். பழைய படுக்கை விரிப்புகளை ஒட்டுப்போட்டு மாடியில் கப்பல் பாய் கட்டினேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்து, என்ன மாஸ்டர், இந்த வயசுல கப்பல் ஏறப் போறீங்களா என்று கிண்டல் செய்தான். பெரியவனுக்கும் சின்ன வாலுக்கும் மாலுமிச் சட்டை தைத்தேன். உன்னிடம் அளவு கேட்டால் விஷயம் தெரிந்துவிடுமே என்று, போன முறை பிள்ளைகள் வந்தபோது நான் அளந்து சொல்ல அம்மா எழுதிவைத்த அளவுக்கே வெட்டினேன். வளர்கிற பிள்ளைகள் என்று பிறகு பிரித்துவிட ஓரத்தில் இரண்டு விரல் அகலம் மடித்தும் விட்டேன். அப்புறம்தான் நீ அனுப்பிய போட்டோ வந்தது. பெரியவன் உன் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறான். அடக் கடவுளே, அந்தச் சட்டையில் அவன் தலைகூட நுழையாது. நாற்பது வருஷம் அளவெடுக்காமல் யார் துணியிலும் கத்தரி வைக்காதவன், சொந்தப் பேரனுக்கு நான்கு வருஷத்துக்கு முந்தைய அளவில் வெட்டியிருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அன்று சாயங்காலமே நீ போன் செய்து, பெரியவனுக்கு நீச்சல் முகாம்ல இடம் கிடைச்சிருக்கு, இந்த வருஷம் வர முடியாதுப்பா என்றாய். அதுக்கென்னம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லிவிட்டேன். பொய்தான் சொன்னேன். ரொம்ப வலித்தது. அம்மா காரியத்துக்கும் நீ தனியாகத்தானே வந்தாய். கோபமில்லை, ஏக்கம்தான். பாயை அவிழ்க்க இன்னும் மனசு வரவில்லை.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை எங்கும் ஓடிப்போகாது. எல்லோரும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தையல்காரன் மகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, தோள், மார்பு, கை நீளம், இரண்டு பேருக்கும் டேப்பை இறுக்காமல் பிடித்து எடுத்து அனுப்பு. வருஷா வருஷம் அனுப்பு. வராவிட்டாலும் பரவாயில்லை, என் பேரப்பிள்ளைகள் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா